பாம்பன் தீவில் இருந்துகொண்டு பாறை ஏற்றம்: மதுரைப் பக்கம் எங்கே, எப்படி?

தங்கச்சிமடத்தான்:

வணக்கம். பாம்பன் தீவில் மூன்று பேர் இருக்கிறோம். செயற்கைச் சுவரில் இரண்டு வருடப் பழக்கம், போல்டரிங்கில் (கயிறில்லாமல் குட்டைப் பாறை ஏறுவது) வி3 தரம் வரை ஏறுவோம்; வி0 எளியது, எண் கூடக் கடினம். இப்போது ஊரோடு வந்துவிட்டோம். இங்கே மணல், பவளக்கல், பனை, அவ்வளவுதான். தீவின் பெரிய உயரம் கெந்தமாதன பர்வதம், அதுவும் மணல்மேடு.

மாதத்தில் இரண்டு ஞாயிறு மதுரைக்கு வர முடியும். யானைமலையில் ஏறலாமா? வேறு எங்கே போவது? எந்த மாதம் நல்லது? வாரநாளில் தீவிலேயே பயிற்சி செய்ய வீட்டுப் பலகை (பிடிகள் பொருத்திய சாய்பலகை) போட்டால் உப்புக்காற்றில் தாங்குமா? கேரபைனர்களில் (கயிறு மாட்டும், கதவு வைத்த உலோக வளையம்) இப்போதே வெள்ளையாகப் பூத்திருக்கிறது, அதற்கும் வழி சொல்லுங்கள்.

கல்லுளி:

தம்பி, முதல்ல தீவு விசயத்தை முடிச்சிருவோம். பாம்பன் கரையோரம் தெரியிற கல்லு பழைய பவளப்பாறை. மேலே பிளேடு, உள்ளே ஓட்டை. பிடிச்சா பாதி உதிரும், மீதி தோலை உரிக்கும். உயிரோட இருக்கிற பவளம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தோட முதல் அட்டவணையில இருக்கு, புலி இருக்கிற அதே அட்டவணை. பக்கத்துக் குருசடைத் தீவு மாதிரியானவை 1986-ல அறிவிச்ச மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவுக்குள்ள வருது. தனுஷ்கோடி இடிபாட்டுச் சுவர்ல கால் வைக்கவே வேணாம், 1964 புயலுக்குப் பிறகு அறுபது வருசமா உப்புக்காத்து அரிச்ச சுவர் அது. ஆக, தீவுல பலகை, மதுரையில கல்லு.

மதுரைக் கல்லைப் பத்தி. இங்க பெரும்பாலும் வரி வரியா ஓடுற 'நைஸ்'ங்கிற (gneiss) பாறை, இடையில இளஞ்சிவப்பு கிரானைட். மலைங்க எல்லாம் கவுத்த சட்டி மாதிரி. மேல்தோல் வெங்காயம் மாதிரி அடுக்கடுக்கா கழண்டு விழுந்துதான் இந்த வடிவம் வந்திருக்கு. அதனால வெடிப்புப் பிடி குறைவு, சரிவுப் பாறை அதிகம். முன்னால சாஞ்சு நிக்கிற முகம் வேணும்னா தோல் கழண்டு விழுந்த இடத்துலதான் கிடைக்கும், இல்லன்னா தனியா உருண்டு கிடக்கிற குண்டுக்கல்லுல.

செயற்கைச் சுவர்ல வி3 ஏறுறவங்க இங்க வி0 சரிவுல வழுக்கி நிப்பாங்க. தப்பு நினைக்காதீங்க, அது வேற வித்தை. சுவர்ல கை இழுக்கும், இங்க கால்தான் எல்லாம். குதிகாலைக் கீழ இறக்கி, ஷூவோட முன்பாதி ரப்பர் முழுக்கப் பாறையில படணும். குதிகாலைத் தூக்கினா ரப்பர் படுற பரப்பு குறையும், பயத்துல உடம்பைப் பாறையோட ஒட்டினா எடை காலை விட்டு விலகும். ரெண்டுமே வழுக்கும். இடுப்பை வெளிய தள்ளி, சின்னச் சின்னதா அடி வைக்கணும். ஒரு அடிக்கு மேல எட்டி வச்சா அடுத்த கால் எழும்பாது.

ஏறுறதுக்கு முன்னால ஒவ்வொரு பிடியையும் விரல் முட்டியால தட்டிப் பாருங்க. கெட்டிக்கல்லு "டக்"னு சொல்லும். தோல் விட்ட கல்லு காலிப்பானை மாதிரி "டொப்"னு சொல்லும். டொப் சத்தம் வந்தா அதை இழுக்கவும் கூடாது, மிதிக்கவும் கூடாது. மழைக்காலம் முடிஞ்ச கையோட போறப்ப பழைய பாதையையும் மறுபடி தட்டணும். தோலுக்கு அடியில தண்ணி இறங்கியிருக்கும், போன வருசம் டக்னு சொன்னது இந்த வருசம் சொல்லாது.

மாசம்னா டிசம்பர் கடைசியில இருந்து பிப்ரவரி வரைக்கும். அக்டோபர், நவம்பர் வடகிழக்குப் பருவமழை. ஏப்ரல், மே மாசத்துல பத்து மணிக்கு மேல கல்லுல கை வைக்க முடியாது, ஷூ ரப்பரும் இளகிச் சின்ன விளிம்புல நிக்காது. இன்னொண்ணு, மதுரை பத்து டிகிரி வட அட்சரேகையை ஒட்டி இருக்கு. சூரியன் நேர் உச்சிக்கு வர்றது ஏப்ரல் நடுவுலயும் ஆகஸ்ட் கடைசியிலயும். டிசம்பர், ஜனவரியில வெயில் தெற்கே சாஞ்சு விழும், அப்ப வடக்குப் பாத்த முகம் நாள் முழுக்க நிழல். மே கடைசியில இருந்து ஜூலை வரைக்கும் தலைகீழ், நடுப்பகல்ல தெக்கு முகத்துலதான் கொஞ்சம் நிழல் தேறும். பாறையைத் தேர்ந்தெடுக்கிறப்ப கையில திசைகாட்டி இருக்கட்டும்.

கருக்கல்லயே போய் நின்னாலும் பிரயோசனமில்ல. தை மாசப் பனி சரிவுப் பாறையில கண்ணுக்குத் தெரியாமப் படிஞ்சிருக்கும், உள்ளங்கையைத் தேச்சுப் பாத்தா ஈரம் தெரியும். அது காயிற வரைக்கும் செங்குத்து முகத்துல ஏறுங்க, சரிவை ஏழரைக்கு மேல வச்சுக்கங்க.

கற்படுக்கை:

யானைமலை பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். ஏறிப் பார்க்கலாம், பாறை ஏற்றத்துக்கு வேண்டாம். அடிவாரத்தில் நரசிங்கம் குடைவரை, கி.பி. 770-ல் பாண்டியன் பராந்தக நெடுஞ்சடையனின் அமைச்சர் மாறன்காரி எடுப்பித்தது. மேலே தமிழிக் (தமிழ்ப் பிராமி) கல்வெட்டோடு சமணப் படுக்கைகளும் தீர்த்தங்கரர் சிற்பங்களும் இருக்கின்றன. கீழக்குயில்குடி சமணர் மலை, திருப்பரங்குன்றம், மீனாட்சிபுரம் மாங்குளம், கீழவளவு, கருங்காலக்குடி, முத்துப்பட்டி, கொங்கர் புளியங்குளம் எல்லாவற்றுக்கும் இதே பதில்தான். பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சேதப்படுத்தினால் 1958-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி (2010 திருத்தத்தோடு) இரண்டு ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

சட்டத்தைவிட முக்கியமான ஒன்று, பாறை ஏறுகிறவர்கள் கண்ணில் தவறாகப் படுவது. சமணக் குகைத்தளத்தின் நெற்றியில், மழைநீர் உள்ளே வழியாமல் இருக்க ஒரு காடி வெட்டியிருப்பார்கள். இரண்டு விரல் ஆழம், நல்ல கூரான விளிம்பு, ஆள் நீளத்துக்கும் மேலே ஓடும். சுவரில் பழகியவர் கண்ணுக்கு அது வரிசையாக வைத்த பிடி போலவே இருக்கும். தமிழிக் கல்வெட்டை பெரும்பாலும் அந்தக் காடியை ஒட்டித்தான் பொறித்திருப்பார்கள். எழுத்தின் வெட்டு ஆழமில்லாதது. காலைச் சாய்வெயிலில்தான் தெரியும், உச்சி வெயிலில் வெறும் கல்லாக இருக்கும். குகை நெற்றியில் நேர்கோட்டில் ஒரு காடியைப் பார்த்தால் அந்தப் பாறையையே விட்டுவிடுங்கள். தரையில் தலையணை மேட்டோடு வழவழப்பான படுக்கை இருக்கிறதா என்றும் பாருங்கள், இருந்தால் சந்தேகமே வேண்டாம்.

இரண்டாவது, கை வழுக்காமல் இருக்கப் பூசும் மெக்னீசியப் பொடி. மதுரை வட்டாரப் பாறை ஒதுக்குகளில் வெண்மையிலும் செங்காவியிலும் பழைய ஓவியங்கள் உண்டு. வெள்ளைக் கோட்டு ஓவியத்துக்குப் பக்கத்தில் மெக்னீசியப் பொடி அப்பினால் எது எதுவென்று தெரியாமல் போகும். பொடியைத் தேய்த்துக் கழுவப் போனால் ஓவியமும் சேர்ந்து போகும். மழை நனைக்காத ஒதுக்குக்குள் பொடியை எடுக்கவே எடுக்காதீர்கள்.

அரிட்டாபட்டியையும் தவிருங்கள். 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட இடம், மீனாட்சிபுரத்தையும் சேர்த்து 193 எக்டேருக்குச் சற்று மேல். வல்லூறுகளும் ராசாளிக் கழுகும் அந்தப் பாறை முகங்களில்தான் கூடு வைக்கின்றன. அவை குஞ்சு பொரிக்கும் காலமும் நீங்கள் ஏற விரும்பும் பனிக்காலமும் ஒன்றே.

தங்கச்சிமடத்தான்:

நன்றி ஐயா. காடி விசயம் தெரியாது, படத்தில் பார்த்துப் "பிடி வரிசை" என்றே நினைத்திருந்தோம். அப்படியானால் மிச்சம் என்ன இருக்கிறது? எங்கே தேடுவது?

கல்லுளி:

நிறைய இருக்கு தம்பி. பேர் போட்டு இடம் எழுத மாட்டேன். எழுதினா அடுத்த மாசம் அங்க பாட்டில்தான் கிடக்கும். தேடுற முறையைச் சொல்றேன்.

கொட்டாம்பட்டி, நத்தம், மேலூர்ச் சுற்று வட்டாரத்துல செயற்கைக்கோள் வரைபடத்தைப் பெருசாக்கிப் பாருங்க. சாம்பல் வெள்ளைத் திட்டு, அதுல உருண்டையா ஒரு நிழல் பக்கவாட்டுல விழுந்தா அது தனிக்கல்லு. நிழல் நீளத்தைப் பக்கத்து வீட்டு நிழலோட ஒப்பிட்டா உயரம் தோராயமாத் தெரியும். மூணு, நாலு மீட்டர் போதும்.

பிறகு நிலம் யாரோடதுன்னு பாக்கணும். வருவாய்த்துறை இணையதளத்துல அ-பதிவேடு புல எண் போட்டாக் கிடைக்கும். கல்லாங்குத்து, பாறை, கரடுன்னு புறம்போக்கா இருந்தா கிராம நிர்வாக அலுவலர்கிட்டயும் ஊர்ப் பெரியவர்கிட்டயும் ஒரு வார்த்தை கேட்டுக்கலாம். பட்டாவா இருந்தா உடைமைக்காரரைப் பாக்கணும். காப்புக்காடுன்னா அனுமதி இல்லாம நுழைய வேணாம். குரங்கணி தீ விபத்துக்குப் பிறகு 2018-ல தனி விதியே வந்திருச்சு. அழகர்மலை, சிறுமலைச் சரிவெல்லாம் அதுக்குள்ளதான்.

ஊருக்குள்ள கேக்கிறப்ப "மலை ஏற வந்தோம்"னு சொல்லாதீங்க, குவாரிக்கு அளக்க வந்த ஆளுன்னு நினைச்சுருவாங்க. மேலூர்ப் பக்கம் அந்தச் சந்தேகத்துக்கு நல்ல காரணம் இருக்கு. விழுறதுக்குப் போடுற மெத்தையை இறக்கிக் காட்டி, "இந்தக் கல்லுல ஏறிக் குதிச்சுப் பழகுறோம், உடைக்க மாட்டோம், ஆணி அடிக்க மாட்டோம்"னு சொல்லுங்க. சிரிச்சுக்கிட்டே சரிம்பாங்க. பாறையில நாமம், மஞ்சள், குங்குமம், சூலம், கல்லு மேல கல்லு அடுக்கினது எது இருந்தாலும் அது கருப்பு, ஐயனார் இடம். அந்தக் கல்லு கிடையாது. பக்கத்துக் கல்லுக்கும் கேட்டுத்தான் போகணும்.

கைவிட்ட கல்குவாரி கண்ணை இழுக்கும். நல்லா செங்குத்தா, உயரமா, கீழ நீலத் தண்ணி. வேண்டவே வேண்டாம். வெடி வச்ச முகத்துல கண்ணுக்குத் தெரியாத மயிரிழை வெடிப்பு உள்ள வரைக்கும் ஓடும், பிடி மொத்தமாக் கையோட வரும். கம்பி ரம்பத்துல அறுத்த முகம் கண்ணாடி, அதுல பிடியே இல்ல. தண்ணிக்கு அடியில உடைஞ்ச கல்லு எந்த ஆழத்துல நிக்குதுன்னு மேல இருந்து தெரியாது.

கடைசியா, ஏறுறதுக்கு முன்னால இறங்குற வழியைப் பாருங்க. குண்டுக்கல்லு நாலு பக்கமும் உருண்டையா இருக்கும். மேல போய் நின்னு "இறங்க எங்கடா"ன்னு முழிக்கிறது இங்க அடிக்கடி நடக்கிற கூத்து. உச்சியில கை வச்சு அமுக்கி ஏறுற இடத்துல பாசி காஞ்சு பொடியா உக்காந்திருக்கும். முன்னாலயே பின்பக்கமா ஏறிப் போய் தென்னந்தும்பு பிரஷ்ல துடைச்சிட்டு வாங்க. கம்பி பிரஷ் கூடாது, கல்லு வழவழன்னு ஆயிரும்.

மெத்தைக்கடை:

விழுமெத்தை பற்றி யாரும் எழுதவில்லை. வெளிநாட்டு க்ராஷ் பேட் வாங்க முடிந்தால் வாங்குங்கள். இல்லையென்றால் மதுரையில் எந்த மெத்தைக் கடையிலும் பொருள் கிடைக்கும், தையலுக்கு லாரி தார்ப்பாய் தைக்கிறவரிடம் போங்கள். சோபா தைக்கிறவர் போடும் நூல் முதல் விழுதலிலேயே விடும்.

அளவு 4 அடிக்கு 3 அடி, மொத்தக் கனம் 12 செ.மீ. மேலே 2 செ.மீ. கெட்டி ஈவிஏ (EVA) நுரைத் தாள், நடுவில் 8 செ.மீ. பியூ (பாலியூரித்தேன்) ஃபோம் (40 டென்சிட்டி), அடியில் மறுபடி 2 செ.மீ. ஈவிஏ. இந்த வரிசை மாறக் கூடாது. மேலே கெட்டியாக இருப்பது, குதிகால் ஓரிடத்தில் குத்தும் விசையை அகலமாகப் பரப்பத்தான். மெத்தென்று இருக்கட்டும் என்று ஃபோமை மேலே வைத்தால் குதிகால் நேராக உள்ளே போய்த் தரையில் முட்டும், கணுக்கால் மடங்கும். அடியில் இருக்கும் தாள் கூர்க்கல் ஃபோமைக் கிழிக்காமல் தடுக்கும். தேங்காய்நார் மெத்தை சரிவராது, ஒருமுறை அமுங்கினால் எழும்பாது.

உறையை நான்கு பக்கமும் இறுக மூடித் தைத்துவிடாதீர்கள். விழும்போது காற்று வெளியேற இடமில்லாமல் தையல் வெடிக்கும். ஒரு பக்கம் முழுக்க வெல்க்ரோ மூடி போதும், மழையில் நனைந்தால் ஃபோமை வெளியே எடுத்துக் காயவைக்கவும் உதவும். இரண்டாக மடிக்கிற மாதிரி நடுவில் வெட்டினால் அந்த இடைவெளியில்தான் கால் சரியாகப் போய் விழும். வெட்டாமல் வளைத்து, பெல்ட்டால் கட்டி முதுகில் போடுங்கள்.

மூன்று பேருக்கு இரண்டு மெத்தை. இரண்டும் சேருமிடத்தின் மேல் ஒரு பழைய யோகா பாயை விரித்துவிடுங்கள். விழும்போது இரண்டு காலும் சேர்ந்து இறங்கி, முழங்காலை மடக்கி, பின்னால் உருள வேண்டும், கைகள் நெஞ்சோடு. கையைப் பின்னால் ஊன்றினால் மணிக்கட்டு போகும். கீழே நிற்கிறவர் தாங்கிப் பிடிக்க முயலக் கூடாது. கட்டை விரலை உள்ளே மடக்கி, விழுகிறவரின் இடுப்பை மெத்தைப் பக்கம் தள்ளிவிட்டால் போதும். தலை கல்லில் படாமல் பார்த்துக்கொள்வதுதான் அவர் வேலை.

இழைப்புளி:

வீட்டுப் பலகைக்கு. உப்புக்காற்றில் மரம் தாங்கும், இரும்புதான் தாங்காது.

8 அடிக்கு 8 அடி, செங்குத்திலிருந்து 30 டிகிரி முன்சாய்வு. கணக்கு: 8 அடிப் பலகை அந்தச் சாய்வில் 6 அடி 11 அங்குல உயரமும் 4 அடி முன்னீட்டமும் எடுக்கும். அடியில் ஒரு அடி செங்குத்துப் பலகை கால் வைக்க. ஆக 8 அடி உயரம், 10 அடிக் கூரைக்குள் அடங்கும். விழ இன்னும் 6 அடி வேண்டும், அறையின் நீளம் 10 அடிக்குக் குறையக் கூடாது. கான்கிரீட் சுவரில் ஆணி அடித்துத் தொங்கவிடுவதைவிட, தரையில் நிற்கும் தனிச் சட்டம் நல்லது. கடலோரக் கட்டடத்துக் கம்பி எந்த நிலையில் இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

பலகைக்கு 18 மி.மீ. மெரைன் பிளை, ஐஎஸ் 710 முத்திரை போட்டது, 4 அடிக்கு 8 அடி இரண்டு தாள். பின்னால் 2 அங்குலத்துக்கு 6 அங்குலச் சட்டம் ஏழு, நடுவுக்கு நடு 16 அங்குலம். டி-நட் (பிடியின் போல்ட்டைப் பலகையின் பின்னாலிருந்து பிடிக்கும் நட்டு) துளை 8 அங்குலத்துக்கு ஒன்று, முதல் துளை ஓரத்திலிருந்து 4 அங்குலம் தள்ளி. இந்த அளவில் போட்டால் ஒரு துளைகூடச் சட்டத்தின் மேல் விழாது. ஓரத்திலிருந்தே 8, 16 என்று தொடங்கினால் பாதித் துளைக்குப் பின்னால் கட்டை இருக்கும், நட் உட்காராது. தாளுக்கு 72, மொத்தம் 144.

எம்10 டி-நட்டுக்கு 12 மி.மீ. துளை. சுத்தியலால் அடித்து இறக்கும் பல் வைத்த நட்டைவிட, மூன்று திருகாணி போட்டுப் பிடிக்கும் வட்ட நட்டு மேல். பல் நட்டு ஒருநாள் கழன்று சுழலத் தொடங்கும், அப்புறம் பிடியைக் கழற்ற முடியாது, பலகையின் பின்பக்கம் போகவும் வழி இருக்காது. நட், போல்ட், திருகாணி மூன்றும் 304 துருவேறா எஃகாகவே இருக்கட்டும். முலாம் பூசிய நட்டில் எஃகு போல்ட் போட்டால் நட்டு முதலில் துருப்பிடித்து இறுகிவிடும்.

பிடிகளை எல்லாம் காசு கொடுத்து வாங்க வேண்டாம். மரவாடியில் தேக்கு, வேங்கை வெட்டுத்துண்டு எடையில் கிடைக்கும். 20 மி.மீ. ஆழ விளிம்பு, முன்முனையை 8 மி.மீ. ஆரத்துக்கு உருட்டுங்கள். கூர்முனை விட்டால் விரல் மடிப்பில் தோல் கிழியும். மரத்தின் ரேகை பிடியின் நீளவாக்கில் ஓட வேண்டும். குறுக்கே ஓடினால் ஒருநாள் விளிம்பு மட்டும் சீவினாற்போல் கையோடு வரும். 100 நம்பர் உப்புத்தாளோடு நிறுத்துங்கள், வார்னிஷ் வேண்டாம். ஒவ்வொரு பிடிக்கும் போல்ட்டோடு கூடவே ஒரு மரத்திருகு, சுழலாமல் இருக்க.

வாரத்தில் இரண்டு நாள் விரல் பயிற்சி போதும். பத்து விநாடி தொங்கல், மூன்று நிமிட ஓய்வு, ஐந்து முறை. ஒரு கால் தரையில் இருக்கட்டும். கட்டைவிரலை ஆள்காட்டி விரல் மேல் பூட்டிப் பிடிக்கும் முழு மடிப்பைப் பழகாதீர்கள், விரலடித் தசைநார் வளையத்தில் விசை அதிகம். தசை இரண்டு மாதத்தில் ஏறும், தசைநாருக்கு அதைவிடப் பல மடங்கு காலம் வேண்டும். "டப்" என்று விரலுக்குள் சத்தம் கேட்டால் அன்றோடு நிறுத்தி மருத்துவரைப் பாருங்கள்.

(ஊரில் பனை ஏறுகிறவர்களோடு ஏறிப் பழகலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். தளைநார் போட்டு ஏறுவது தொடைக்கும் வயிற்றுக்கும் அருமையான வேலை. விரலுக்கு ஒன்றும் இல்லை, சரிவுப் பாறைக்கும் உதவாது.)

உப்புக்காத்து:

கேரபைனரில் வெள்ளையாகப் பூப்பது அலுமினியத்தைக் குளோரைடு அரிப்பது. மேலே பூத்ததைவிடக் கதவின் ஸ்பிரிங் துளைக்குள்ளும் கீல் ஆணியைச் சுற்றியும் பூப்பதுதான் ஆபத்து. கதவு பாதியில் நின்றுவிடும். கதவு திறந்த நிலையில் தாங்கும் குறைந்தபட்ச அளவு 7 கிலோநியூட்டன், மூடியிருந்தால் 20. அந்த வித்தியாசம் ஒரு துளி உப்பில் போய்விடும்.

வெதுவெதுப்பான நல்ல தண்ணீரில் கதவைத் திறந்து மூடியபடி கழுவுங்கள். தீவில் உவர்க் கிணற்றுத் தண்ணீர் வேண்டாம், குடிதண்ணீர்தான். நிழலில் உலர்த்தி, கீலில் மட்டும் மெழுகு அல்லது டெஃப்லான் வகை உலர் மசகு. சமையல் எண்ணெய், தையல் எண்ணெய் போட்டால் மணல் ஒட்டி அரைக்கும். விரல் நகத்தில் தட்டும் அளவுக்குக் குழி விழுந்திருந்தால் சாவிக்கொத்துக்கு மாற்றிவிடுங்கள். எஃகுப் பொருளையும் அலுமினியத்தையும் ஒரே பையில் ஈரமாகப் போட்டால் அலுமினியம்தான் முதலில் போகும்.

கயிறு, ஹார்னெஸ் (இடுப்புப் பட்டை), ஸ்லிங் (நாடா வளையம்) எல்லாம் மூடி போட்ட பிளாஸ்டிக் பெட்டியில், சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு. அந்தப் பெட்டியை மாடிப்படிக்கு அடியில் வைக்காதீர்கள், பாதி வீடுகளில் இன்வெர்ட்டர் பேட்டரி அங்கேதான் இருக்கிறது. பேட்டரி அமிலம் நைலானைக் கண்ணுக்குத் தெரியாமல் உளுத்துப்போகச் செய்யும். நிறம் மாறாது, பலம் மட்டும் போயிருக்கும்.

கேட்கவில்லை என்றாலும் சொல்லிவிடுகிறேன். தீவில் படகுக் கயிறு எளிதாகக் கிடைக்கும், "பத்து டன் தாங்கும்" என்பார்கள். பாறைக்கு அது வேண்டாம். ஏற்றக் கயிறு விழும்போது நீண்டு கொடுத்து விசையை உறிஞ்சும், தரப்படி 40 சதவீதம் வரை நீளலாம். மிதக்கும் பாலிப்ரோப்பிலீன் கயிறு அந்த வேலைக்குச் செய்ததே அல்ல, விழுந்தால் விசை முழுக்க உங்கள் இடுப்புக்கும் முளைக்கும்தான். உருகுநிலையும் சுமார் 165 டிகிரிதான், நைலான் 220-ஐத் தாண்டும். ஒன்றோடொன்று உரசினாலே உருகி அறும்.

பாறையில் போல்ட் அடிக்கும் ஆசை இருந்தால் அதையும் விடுங்கள். தாய்லாந்துக் கடலோரப் பாறைகளில் துருவேறா எஃகு போல்ட்டே வெளியே பளபளவென்று இருந்துகொண்டு உள்ளே விரிசல் விட்டு முறிந்ததால்தான் டைட்டானியத்துக்கு மாறினார்கள்.

கல்லுளி:

கயிறு ஏற்றம் வேணும்னா மதுரையில தேடாதீங்க. இந்தக் கவுத்த சட்டி மலைங்க உச்சியில கயிறு கட்ட மரமும் இல்ல, வெடிப்பும் இல்ல. ராத்திரி ரயிலேறி பெங்களூர் போனா கண்டீரவா மைதானத்துல சுவர் இருக்கு, ராமநகரம் ஒரு மணி நேரம். அங்கயும் ராமதேவரபெட்டா பிணந்தின்னிக் கழுகு சரணாலயம், எந்தப் பாறைக்கு அனுமதின்னு உள்ளூர் ஏற்றக்காரங்ககிட்ட கேட்டுட்டுப் போங்க. மணற்கல் வேணும்னா பாதாமி, குண்டுக்கல்லுன்னா ஹம்பி.

வலசை:

தேனீயை யாரும் சொல்லலையே! முன்சாய்ந்த முகம், கவிந்த விளிம்பு எதைப் பார்த்தாலும் முதலில் அண்ணாந்து பாருங்கள். மலைத்தேனீ ஒற்றை அடையாக, அரைவட்டமாக, கருப்பாகத் தொங்கும். தூரத்திலிருந்து பார்த்தால் பாறைக் கறை போலத்தான் இருக்கும், தொலைநோக்கியில் பார்த்தால் அலையலையாக அசையும். பழைய அடை போன இடத்தில் மெழுகுத் தழும்பு இருந்தாலும் அந்த விளிம்பை விடுங்கள், அதே இடத்துக்குத் திரும்பி வரும். சென்ட், சிகரெட், டிரோன் மூன்றும் கூடாது.

கிளம்பிவிட்டால் நிற்காமல் ஓடுங்கள், முகத்தை மட்டும் துணியால் மூடி. அடிக்காதீர்கள், ஒன்று கொட்டினால் அந்த வாசத்துக்கு மற்றவை வரும். கண்மாய்த் தண்ணீரில் முங்கினால் மேலேயே சுற்றிக்கொண்டு காத்திருக்கும். கொடுக்கை உடனே சுரண்டி எடுங்கள். பத்து, இருபது கொட்டு வாங்கினாலோ, உதடு தடித்தாலோ, மூச்சு இழுத்தாலோ 108. அதற்காகவே, போகும்போது ஊர்ப் பெயரையும் அருகிலுள்ள சாலையையும் மூன்று பேரும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். "பாறைக்குப் பக்கத்தில்" என்று சொன்னால் ஆம்புலன்ஸ் வராது.

காலுக்கும் ஒரு வார்த்தை. வெயில் ஏறும் முன் கல் இடுக்கில் சுருட்டை விரியன் படுத்திருக்கும். மெத்தை போடும் இடத்தைக் குச்சியால் தட்டிவிட்டு விரியுங்கள், திரும்ப எடுக்கும்போதும் அடியில் கை விடாமல் விளிம்பைப் பிடித்துத் தூக்குங்கள்.

தங்கச்சிமடத்தான்:

எல்லாருக்கும் நன்றி. ஒரே ஒரு சந்தேகம். மெக்னீசியப் பொடி இங்கே கிடைப்பதில்லை, கேரம் போர்டு பவுடர் போடலாமா? கை வியர்வை தாங்கவில்லை.

கல்லுளி:

அய்யய்யோ! கேரம் பவுடர் போரிக் அமிலம், காய் வழுக்கி ஓடத்தான் அதைப் போடுறாங்க. முகப் பவுடரும் அப்படித்தான், டால்க் வழுக்கும். பள்ளிக்கூடச் சாக்பீஸ் ஜிப்சம், ஈரத்தை இழுக்காது. மெக்னீசியம் கார்பனேட்டுன்னே கேட்டு வாங்குங்க, ஜிம்னாஸ்டிக் சாமான் விக்கிற இடத்துல கட்டியாக் கிடைக்கும். வியர்வை அதிகம்னா, ஏறுறதுக்கு ரெண்டு நிமிசம் முன்னால ஆல்கஹால் கலந்த திரவப் பொடியை ஒருதரம் பூசிக் காயவிட்டு, அதுக்கு மேல காஞ்ச பொடியைத் தொட்டுக்கங்க. பொடி டப்பாவைத் தீவுல திறந்து போட்டா கட்டி தட்டிரும், அதையும் அந்தச் சிலிக்கா ஜெல் பெட்டிக்குள்ளயே வைங்க.